ஒரே கை இரண்டு தரம் வந்தது

என் அண்ணன் பேத்தி சுங்கை பெசாரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை செய்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "இப்பல்லாம் வெள்ளை ஓடு கிடையாது அத்தைப்பாட்டி. சின்ன பிளாஸ்டிக் அட்டையில விட்டு மிஷின்ல வச்சா அதுவே சொல்லிரும்லா, ஏ, பி, ஓ, ஆர்.எச். எல்லாம்" என்றாள். நான் வாய் தவறி, "அந்த ஓட்டை நான் ஒன்பது வருஷம் கழுவியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து போடுகிற மலருக்கு எழுதியே ஆகவேண்டும் என்று நோட்டும் பேனாவும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு இன்றைக்கும் பேச வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனேன். ஆறாம் மாதம் கத்தி பாதத்தில் விழுந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். சும்மா கிடக்கப் பிடிக்காமல் பஞ்சு சுருட்டிக் கொடுத்தேன், துணி மடித்துக் கொடுத்தேன். கால் ஆறினதும் டிரஸ்ஸர் ஐயா, "இங்கேயே ஆயாவா இருக்கியா அன்னம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வேலைக்குச் சேர்ந்த கதை அவ்வளவுதான்.

கோலசிலாங்கூர் பக்கம் நாலைந்து தோட்டப் பிரிவுகளுக்குச் சேர்த்து அந்த ஒரே ஆஸ்பத்திரி. இருபது கட்டில். வெள்ளைக்கார டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டியோடு வருவார். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர். மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, தூக்குச்சட்டியில் சோறு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாதாம். வெறும் வயிற்றோடு மரம் சீவப் போய் மயங்கி விழுந்தவர்களுக்குக் கருப்பட்டித் தண்ணீர் கரைப்பது என் முதல் வேலை.

டிரஸ்ஸர் பெயர் ஆரோக்கியசாமி. ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் போய்க் கை கழுவுவார். நாங்கள் கை கழுவுகிற சத்தத்தை வைத்தே எவ்வளவு கோபம் என்று கண்டுபிடிப்போம். ரத்தம் பார்க்கப் போகிறார் என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் நிமிர்த்தி வைப்பார். அந்தக் கடிகாரம் கழன்றுவிட்டால் யாரும் அவரிடம் பேசக் கூடாது.

ஓடு என்றது கூரை ஓடு இல்லை. வெள்ளைப் பீங்கான் தகடு, உள்ளங்கை அகலம். அதில் ஒரு பக்கம் ஏ ரத்தத்தைக் காட்டிக்கொடுக்கிற சீரம் என்ற தெளிநீர் ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் பி-க்கு உள்ள சீரம் ஒரு சொட்டு. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை உப்புத் தண்ணீரில் கலந்து இரண்டிலும் விடுவார். பிறகு ஓட்டைக் கையில் ஏந்தி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் மெல்லச் சாய்ப்பார். ஒத்துக்கொள்ளாத பக்கம் பால் திரிந்த மாதிரி ரத்தம் திரித்திரியாகப் பிரியும். ஏ பக்கம் திரிந்தால் ஏ குரூப். பி பக்கம் திரிந்தால் பி. இரண்டும் திரிந்தால் ஏபி. இரண்டுமே திரியாமல் ரோஜாத் தண்ணீர் மாதிரி அப்படியே கிடந்தால் ஓ. ஓ ஆளுடைய ரத்தத்தை யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் ஓ ஆளுக்கு ஓ மட்டும்தான் சேரும். வேறு ரத்தம் ஏறினால் உடம்புக்குள்ளேயே அந்தத் திரிதல் நடந்துவிடும். ஆள் பிழைப்பது கஷ்டம்.

ஓட்டைக் கழுவுவது என் பொறுப்பு. சோப்பு தொடவே கூடாது. கொஞ்சம் சோப்பு ஒட்டியிருந்தாலும் ரத்தம் கரைந்துபோய் ஓடு பொய் சொல்லும். வெறும் தண்ணீர், பிறகு காய்ச்சின தண்ணீர், பிறகு சுவரில் சாய்த்து வைத்து உலர்த்த வேண்டும். துணியால் துடைத்தால் நூல் ஒட்டும். ஒரு தடவை துடைத்துவிட்டேன். குழாயடியில் கை கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆர்.எச். பார்க்கிற சீரம் எங்கள் பக்கம் வந்தது பின்னால்தான். அதற்கு முன்னால், முதல் பிள்ளை நல்லபடி பிறந்து அடுத்தடுத்த பிள்ளைகள் மஞ்சளாகிச் செத்துப்போனால், தாய்க்குத் தோஷம் என்று வேப்பிலை அடிப்பார்கள். அந்தச் சீரம் வந்த வருஷம், அப்படி இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்திக்கு நெகட்டிவ் என்று தெரிந்தது. அடுத்த பிள்ளைப்பேற்றுக்கு டிரஸ்ஸர் அவளை ஒரு மாதம் முன்னாலேயே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளைக்கு ரத்தம் மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளை பிறகு லோரி ஓட்டினான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் முந்திய கதை.

அவசரகாலத்தில் ஒரு நாள் காட்டில் இருந்தவர்கள் ரோட்டில் தோட்டத்து லோரியைச் சுட்டார்கள். தோட்டத்துக்குக் காவல் இருக்கிற ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்குத் தொடையில் குண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. யாருடைய ரத்தம் சேரும் என்று ஒவ்வொருவராகக் குத்திப் பார்ப்பதற்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு டாக்டர் உத்தரவு போட்டார்: எல்லாப் பிரிவிலும் திடமான ஆள்கள் அத்தனை பேருக்கும் குரூப் பார்த்து, பேர் எழுதின கார்டு கொடுத்து, ஆஸ்பத்திரியிலும் ஒரு பட்டியல் வைக்கவேண்டும்.

பெரட்டுக் களத்திலேயே மேசை போட்டோம். வேலைக்குப் போகுமுன் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம் அது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வழக்கம்போல் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். பேருக்குரியவன் வந்து கையை நீட்டினான். நான் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைப்பேன், டிரஸ்ஸர் குத்துவார். நான் ஆண்பிள்ளைகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறவள் இல்லை. அன்றைக்கு முழுக்க நான் பார்த்ததெல்லாம் கைகள்தான். ரப்பர் பால் கறை பிடித்த கை, நகம் செத்த கை, மருதாணி போட்ட ஒரு புது மாப்பிள்ளைக் கை.

ராமசாமி என்று கூப்பிட்டார்கள். பால் ஸ்டோரில் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊற்றுகிறவர். வலது கை முட்டிகள் மேல் ஆசிட் பட்ட வெள்ளைத் தழும்பு, சிந்தின பால் மாதிரி. துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து கோவிந்தன் என்று கூப்பிட்டார்கள். அவன் ராமசாமியின் தம்பி, ஸ்பெஷல் கான்ஸ்டபிள். நீட்டின கையில் அதே வெள்ளைத் தழும்பு. குத்துவதற்கு மட்டும் பக்கத்து விரல். டிரஸ்ஸர் விரல் நுனியையும் ஓட்டையும் தவிர எதையும் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்தது. பெரட்டில் அது சாதாரணம். வராதவன் பேரைக் கூப்பிட்டால் அண்ணனோ மச்சானோ குரல் கொடுப்பான். வேலை வாங்குகிற மண்டோருக்கும் தெரியும், கிராணிக்கும் தெரியும். பழகின பழக்கத்தில் ராமசாமி கையையும் நீட்டிவிட்டார். நான் வாயைத் திறந்தால் கிராணிக்குக் கோபம் வரும், ராமசாமிக்குத் திட்டு விழும், இருநூறு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இருநூறு பேரை நினைத்தே என் வாய் ஒட்டிக்கொண்டது. துடைத்து அனுப்பிவிட்டேன். இரண்டு கார்டிலும் ஓ என்று எழுதினார் டிரஸ்ஸர்.

நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு லெட்சுமியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோவிந்தன் பெண்சாதி. லயத்திலேயே பிள்ளை பிறந்து, பிள்ளை நன்றாக இருக்கிறது, நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கட்டில் கயிறு வழியாகச் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. உதடு மெழுகு மாதிரி வெளுத்திருந்தது.

டிரஸ்ஸர் கருப்பையைச் சுருக்குகிற ஊசியைப் போட்டார். கட்டில் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார். உப்புத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார். என்னிடம், "அடிவயித்துல கையை வச்சு உருட்டி அமுக்கு. தேங்காய் மாதிரி கெட்டியா இருக்கணும். இளகினா திரும்ப உருட்டு. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதே" என்றார். அவளுடைய ரத்தத்தை ஓட்டில் பார்த்தார். இரண்டு பக்கமும் திரியவில்லை. ஓ.

டாக்டருக்குப் போன் போட்டார். அவர் அன்றைக்கு வேறு தோட்டத்தில். வர இரண்டு மணி நேரமாகும், ஓ ஆள் இருந்தால் உடனே ஏற்று, காத்திருக்காதே என்று சொல்லிவிட்டாராம்.

காத்திருக்காதே என்று அவர் சொன்னது எதை என்றால், சேருகிறதா என்று முன்கூட்டிப் பார்க்கிற பரிசோதனையை. நோயாளி ரத்தம் உறைந்து தெளிவு பிரிய வேண்டும், அதில் கொடுக்கிறவன் ரத்தத்தைக் கலந்து பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். அவளுக்கு நாடி கையில் கிடைக்கவில்லை.

அப்போது கோவிந்தன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். ஆறடி ஆள். ஊசி என்றால் காத தூரம் ஓடுகிறவன் என்று தோட்டமே கேலி பண்ணும். அவன் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். "நான் ஓ-தாங்கய்யா. எங்கிட்டேருந்து எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

டிரஸ்ஸர் கார்டைப் பார்த்தார். அவரே ஓட்டைப் பார்த்து அவர் கையால் எழுதின கார்டு. "படு" என்றார். கோவிந்தன் பெஞ்சில் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ரப்பர் குழாய், பாட்டில் எல்லாம் தயார். சட்டைக்கையை மேலே ஏற்றிவிட்டார்கள். எனக்கு நேர் எதிரே அந்த வலது கை தொங்கியது. முட்டிகள் கறுத்து, பளபளவென்று, ஒரு தழும்பும் இல்லாமல்.

என் கை லெட்சுமி வயிற்றில். அடியில் அது இளகுவதும் கெட்டியாவதும் தெரிகிறது. மண்டோர் நிற்கிறார், கிராணி நிற்கிறார், ஜன்னலில் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். டிரஸ்ஸர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயா, வேணாம்!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சத்தம். ஜன்னலில் ஒருத்தி கையிலிருந்த லெட்சுமியின் பிள்ளை கூட வீறிட்டது.

"என்ன அன்னம்மா?"

"அது இந்தக் கை இல்லைங்கய்யா. அன்னிக்கு இவரு வரலை. ராமசாமி அண்ணன் கைதான் ரெண்டு தரம் வந்துச்சு. நான்தான் துடைச்சேன். ஆசிட் தழும்பு இருந்துச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

கிராணி பாய்ந்தார். "ஏய், என்ன புள்ள உளர்றே? நான் பேர் கூப்பிட்டேன், ஆள் வந்தான். செக்ரோல்ல டிக் போட்டிருக்கேன்!"

டிரஸ்ஸர் அவரைப் பார்க்கவே இல்லை. கோவிந்தனைக் கேட்டார். "நிஜமா?"

கோவிந்தன் கண்ணைத் திறந்தான். அவன் முகத்தில் பொய் இல்லை. "ஆமாங்கய்யா. எனக்கு ஊசின்னா பயம், அண்ணன் நான் பாத்துக்கிறேன்னாரு. ஆனா அதுனால என்னங்கய்யா? நாங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க. அண்ணன் ரத்தம் வேற, என் ரத்தம் வேறயா?"

டிரஸ்ஸர் ஊசியைத் தட்டில் வைத்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் நிமிர்த்தினார். கோவிந்தன் விரலில் குத்தி ஓட்டில் விட்டுச் சாய்த்தார். முன்னால், பின்னால். ஏ பக்கம் சும்மா கிடந்தது. பி பக்கம், இரண்டு நிமிஷத்தில், திரித்திரியாகப் பிரிந்தது. செங்கல்பொடி தூவின மாதிரி.

ஓட்டைக் கோவிந்தன் முகத்துக்கு நேரே பிடித்தார். "நீ பி. உன் சம்சாரம் ஓ. இதை ஏத்தியிருந்தா இன்னிக்கு நீயே அவளைக் கொன்னிருப்பே."

அந்த ஆறடி ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டிரஸ்ஸர் விடவில்லை. "உக்கார நேரமில்லை. ரெண்டு தரம் கை நீட்டினானே, அவன் ஓ. அது நிஜம். லோரிய எடுத்துக்கிட்டுப் போ, உன் அண்ணனைக் கூட்டிட்டு வா!"

பால் ஸ்டோர் மூன்று மைல். காவல் இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாது. கோவிந்தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, இன்னொரு கான்ஸ்டபிளையும் ஏற்றிக்கொண்டு பறந்தான். கிடைத்த நேரத்தை டிரஸ்ஸர் வீணாக்கவில்லை. லெட்சுமி ரத்தத்தைச் சின்னக் குழாயில் எடுத்து உறைய வைத்தார். கையால் சுற்றுகிற மிஷினில் போட்டு மண்டோரைச் சுற்றச் சொன்னார். மேலே தெளிவு பிரிந்தது, வடித்த கஞ்சித் தண்ணீர் நிறத்தில். நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். முழங்கை மரத்துப்போனது. ரத்தம் குறைந்துகொண்டு வந்தது, ஆனால் போனது போனதுதான். அவள் கண் மேலே சொருகும், நான் "லெட்சுமி, லெட்சுமி" என்று கூப்பிடுவேன், திரும்ப வரும்.

லோரி வந்தது. ராமசாமி ஆசிட் வாடையோடு, முழங்கால் வரை உறைந்த ரப்பர் பால் கட்டியோடு ஓடிவந்தார். விரலில் குத்தினார்கள். ஓட்டில் இரண்டு பக்கமும் ரோஜாத் தண்ணீர். டிரஸ்ஸர் அதோடு விடவில்லை. லெட்சுமியின் தெளிவு ஒரு சொட்டு, ராமசாமி ரத்தம் ஒரு சொட்டு, ஊசி கனத்துக் கண்ணாடிக் குழாயில் சேர்த்தார். உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். லயத்துப் பெண் ஒருத்தியை உருட்டச் சொல்லிவிட்டு, என் உள்ளங்கையில் குழாயை வைத்து மூடினார். "பொத்திப் பிடி. பதினஞ்சு நிமிஷம்." நான் கடிகாரத்தையே பார்த்தேன். அதற்குள் ராமசாமியைப் படுக்க வைத்துப் பாட்டிலில் ரத்தம் இறக்கத் தொடங்கிவிட்டார்.

ராமசாமி படுத்தபடியே தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, பெரட்டுல உன் பேருக்கும் நான்தான் 'வந்துட்டேன்'னு கத்தணும். ஊசியும் நான்தான் குத்திக்கணும். இப்ப ரத்தமும் நானா? பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச மட்டும் நீயாடா?"

கோவிந்தன் அழுதுகொண்டே சிரித்தான்.

பதினைந்து நிமிஷம். என் கையைப் பிரித்துக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டிரஸ்ஸர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு திரி இல்லை. "சேருது" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ஜன்னலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

ராமசாமி ரத்தம் இருந்த பாட்டிலை லெட்சுமிக்குத் தொங்கவிட்டார். கால்வாசி இறங்கினபோது அவள் மணிக்கட்டில் நாடி கிடைத்தது. பாதி இறங்கினபோது உதட்டில் நிறம் வந்தது. டாக்டர் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தபோது அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். தொங்குகிற பாட்டிலைப் பார்த்து, "யாரோட ரத்தம்க்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"உங்க மூத்தாரோடது."

"ஐயையோ. அப்ப அவரை மாதிரி நானும் இனிமே மூக்குப்பொடி கேப்பேனா?"

டாக்டர் ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். டிரஸ்ஸர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

மறுநாள் நானே போய் டிரஸ்ஸர் முன்னால் நின்றேன். அன்றைக்கே சொல்லாமல் விட்டதற்குத் திட்டுவார் என்று. அவர் எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "தப்பு உன்னுது மட்டுமில்லை. புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டா, 'நான்தான்'னு யாரும் வருவான். இனிமே நாம பேர் கூப்பிடக் கூடாது. வர்றவன் அவன் வாயால அவன் பேரைச் சொல்லணும். எல்லாக் கார்டையும் கிழிச்சிட்டுத் திரும்பப் பார்க்கப் போறோம். கேக்கறது நீ" என்றார்.

"நானா?"

"நேத்து நீ போட்ட சத்தத்துக்கு எங்க காது இன்னும் அடைச்சிருக்கு. நீதான்."

இரண்டு வாரம் கழித்து அதே பெரட்டுக் களம். கிராணி செக்ரோலை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். நான் மேசை முன்னால் நின்று ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டேன்: "உங்க பேர் என்ன?" முதல் பத்துப் பேருக்கு என் குரல் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. ராமசாமி, "என் பேரே தெரியாதா தங்கச்சி?" என்று கேலி செய்தார். "தெரியும்ண்ணே. உங்க வாயால சொல்லுங்க" என்றேன். கோவிந்தன் தானே வந்து, பேரைச் சொல்லி, விரலை நீட்டி, குத்தினதும் மயங்கி மண்டோர் மேல் சாய்ந்தான். ஏழு கார்டு தப்பாக இருந்தது. ஏழு பேர். அவர்கள் முகம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

வரிசை முடிகிற சமயம் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தோட்டத்து மானேஜர், எங்கள் பெரிய தொரை, வந்து வரிசைக் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தது. வெள்ளைக் கையை நீட்டினார். கிராணி எனக்குக் கண்ணைக் காட்டினார், சும்மா விட்டுவிடு என்று. நான் டிரஸ்ஸரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்து தொரை முகத்தைப் பார்த்தேன். நீலக் கண்.

"உங்க பேர் என்ன?"

அவருக்குத் தமிழ் வரும். காது வரை சிவந்தார். தொப்பியைக் கழற்றி, "வில்பிரட்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அடியாத்தி, தொரைக்கும் பேரு இருக்குடி!" என்றது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. தொரையும் சிரித்தார். நான் விரலைத் துடைத்தேன், டிரஸ்ஸர் குத்தினார், தொரை பஞ்சை அழுத்திக்கொண்டு நகர்ந்தார்.

"அடுத்த ஆளு!" என்றேன். அந்தச் சத்தம் பால் ஸ்டோர் வரைக்கும் கேட்டதாம்.